கொடியை மடித்துக் கொடுத்த பிறகு

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலை வாசல்களில் காவல் நிற்கும் முன்னாள் படைவீரர்களுக்குச் சேரப்பணஞ்சேரியிலிருந்து எழுதுவது.

சாலையோரம் நினைவுத் தூண் வேண்டும் என்று நீங்கள் கொடுத்த மனு என் மேசையில்தான் இருக்கிறது. ஊராட்சிக்கு ஒன்று, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒன்று, காஞ்சிபுரம் ஆட்சியருக்கு ஒன்று என்று மூன்று பிரதி எடுக்கச் சொல்லியிருந்தீர்கள். ஸ்பார்ஷ் ஓய்வூதியத் தளத்தில் உங்கள் வாழ்நாள் சான்றை ஏற்றுவதும், இ.சி.எச்.எஸ். மருத்துவ கார்டுக்கு விண்ணப்பம் போடுவதுமாக வருஷம் முழுக்க உங்கள் காகிதங்களோடு புழங்குகிறவன் நான். இதையும் அன்றைக்கே அடித்துக் கொடுத்திருப்பேன். மனுவோடு குத்தியிருந்த படத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

தூண் நன்றாகவே இருக்கிறது. கீழே படிகள், நடுவில் கறுப்பு கிரானைட், அதில் பெயர்கள், மேலே தலைகீழாக நிறுத்திய துப்பாக்கி, துப்பாக்கியின் மேல் தொப்பி. எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு சூலம், அதன் நடுவில் ஓம். பக்கத்தில் வேறு யாரோ ஒரு சிலுவையும் ஒரு பிறையும் போட்டு, "இதையும் சேர்க்கவும்" என்று எழுதியிருக்கிறார். சூலம் பேனா மையில் இருக்கிறது. மற்ற இரண்டும் பென்சிலில். இதைப் பற்றித்தான் பேச வேண்டும். வாசலில் நின்று பேசினால் ஷிப்ட் பஸ் வந்துவிடும், பேச்சு பாதியில் அறுந்துபோகும். அதனால் மடலாக, எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீரரின் சொந்தக் கல்லறையில் அவர் விரும்பிய குறி, இல்லையென்றால் அவர் வீட்டார் விரும்பும் குறி இருக்கட்டும். அதைத் தடுக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை. புறம்போக்கு நிலத்தில், ஊராட்சிப் பணத்தில், எல்லாருக்குமாக எழும்பும் தூணில் எந்த மதத்தின் குறியும் வேண்டாம். ஒன்றும் வேண்டாம், மூன்றும் வேண்டாம்.

பட்டாளத்தில் நீங்கள் பழகிய நடைமுறையே இதுதான். கூடப் பணி செய்தவரின் உடல் பெட்டியில் வந்து இறங்கிய ஊர்களுக்கு உங்களில் சிலர் போயிருக்கிறீர்கள். பெட்டியின் மேல் கொடி, காவி நிறம் தலைமாட்டில். மலர்வளையம் வைத்தாகிறது. பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் ஊதுகிறார்கள். வானத்தை நோக்கித் துப்பாக்கிகள் முழங்குகின்றன. அதன் பிறகு கொடியை எடுத்து, மடித்து, மனைவி கையிலோ தாயின் கையிலோ கொடுக்கிறார்கள். கொடி சிதையில் எரியக் கூடாது, குழிக்குள் இறங்கவும் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு சொல்கிறது. கொடி கைமாறியதும் சீருடைக்காரர்கள் ஓரடி பின்னால் நகர்வதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதுவரை நடந்தது அரசின் சடங்கு, அதில் மந்திரமும் இல்லை, ஜெபமும் இல்லை, துவாவும் இல்லை. அதற்குப் பிறகு நடப்பது வீட்டாருடையது. வாய்க்கரிசி போடுகிறவர் போடுவார், ஜனாஸா தொழுகிறவர் தொழுவார், பாதிரியார் மண் எடுத்துப் போடுவார், கறுப்புச் சட்டைக் குடும்பம் ஒன்றும் செய்யாமல் வீரவணக்கம் சொல்லிவிட்டு நிற்கும். மதத்துக்கும் அரசுக்கும் நடுவே கோடு எங்கே போடுவது என்று உலகத்துக் கோர்ட்டுகள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கின்றன. நம் பட்டாளத்தில் கொடி மடிக்கும் அந்த ஒரு நிமிஷத்திலேயே அது தெளிவாக விழுந்துவிடுகிறது. உங்கள் தூணும் கோட்டின் இந்தப் பக்கம், கொடியின் பக்கம் இருக்க வேண்டியது.

ஒருநாள் லீவு கிடைத்தால் நந்தம்பாக்கம் போய்வாருங்கள். வர்த்தக மையம் இருக்கும் அதே பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் 'மெட்ராஸ் வார் செமட்ரி' இருக்கிறது. 1952-ல் அமைந்தது. தெற்கிலும் கிழக்கிலும் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த, தொடர்ந்து பராமரிக்க வழியில்லாத கல்லறைகளிலிருந்து இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் வைத்தார்கள். மொத்தம் 856 பேர். பின்பக்கம் உள்ள நினைவுச் சின்னத்தில், முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து இந்தியாவின் பல மூலைகளில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. புல்லைக்கூட அளவெடுத்து வெட்டியது போல வைத்திருப்பார்கள். நம் ஊர்ச் சுடுகாட்டுப் பாதையை நினைத்தால் கொஞ்சம் வயிறு எரியும்.

அங்கே கர்னலுக்கு ஒரு அளவு, சிப்பாய்க்கு ஒரு அளவு என்று கல் கிடையாது. இந்த ஆணையம் முதல் உலகப் போருக்குப் பின் வகுத்த கல்லின் அளவு 81 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம். உச்சியில் பட்டாளத்தின் முத்திரை. பிறகு எண், பதவி, பெயர், பிரிவு, இறந்த நாள், வயது. அதன் கீழே மதக் குறி: கிறிஸ்தவருக்குச் சிலுவை, யூதருக்குத் தாவீது நட்சத்திரம், வேண்டாம் என்றவருக்கு வெறும் கல். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் எழுத்தில் அவரவர் வாசகம். அடியில் வீட்டார் விரும்பும் ஒரு வரி, 66 எழுத்துக்கு மிகாமல், அப்போது எழுத்துக்கு மூன்றரை பென்ஸ். காசு உள்ளவன் கல் பேசும், இல்லாதவன் கல் ஊமையாக நிற்கும் என்பதால் நியூசிலாந்து அரசு அந்த வரியே தன் வீரர்களுக்கு வேண்டாம் என்றுவிட்டது.

இப்படி ஒரே மாதிரிக் கல் வைப்பது சண்டையில்லாமல் நடந்துவிடவில்லை. இங்கிலாந்தில் அரசுக்கே ஒரு திருச்சபை உண்டு, மன்னர்தான் அதன் தலைவர். அங்கே மகனை இழந்த தாய்மார் கேட்டது கல்லறைக்குச் சிலுவை வேண்டும் என்றுதான். அவர்கள் சார்பில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்தோடு மனு கொடுத்தவர் லேடி ஃபுளோரன்ஸ் செசில். பிஷப்பின் மனைவி, அந்தப் போரில் மூன்று மகன்களைக் கொடுத்தவர். அவருக்கு யார் எதிர்வாதம் செய்ய முடியும்? 1920 மே 4 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. சிலுவை வடிவக் கல் கூடாது, எல்லாருக்கும் ஒரே வடிவக் கல், அதற்குள் அவரவர் குறி என்ற ஆணையத்தின் நிலைதான் நின்றது. அன்று அவையில் வாசிக்கப்பட்டவற்றில் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் கடிதமும் ஒன்று. அவரும் 1915-ல் மகனை இழந்தவர். கடைசிவரை அந்தப் பிள்ளையின் உடல் அவருக்குக் கிடைக்கவில்லை.

கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் ஒரு படி மேலே போனார். இந்துவும் முஸ்லிமும் யூதரும் செத்த போருக்கு எந்த மதத்தின் அடையாளமும் இல்லாத ஒரு பெருங்கல்லே போதும் என்றார், வரைந்தும் கொடுத்தார். சர்ச் தரப்பு சும்மா இருக்கவில்லை. ரெஜினால்டு புளோம்ஃபீல்டு வரைந்த, வெண்கல வாள் பதித்த உயரமான கற்சிலுவை கல்லறைத் தோட்டங்களுக்குள் வந்தது. நந்தம்பாக்கத்தில் நீங்கள் பார்க்கப்போவது அந்தச் சிலுவைதான். லட்யன்ஸுக்குத் தன் எண்ணத்தை முழுதாக நிறைவேற்ற இடம் கிடைத்தது டெல்லியில். 1931-ல் திறக்கப்பட்ட இந்தியா கேட்டைச் சுற்றி வந்து பாருங்கள், எந்த மதத்தின் குறியும் கண்ணில் படாது. அடிமை நாட்டில் வெள்ளைக்காரன் கட்டிய வளைவுக்கு இருந்த நிதானம், சுதந்திர நாட்டில் நம் ஊர்த் தூணுக்கு வேண்டாமா?

நந்தம்பாக்கத்துச் சிலுவையை எடுக்கச் சொல்கிறாயா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. இதே கேள்வி அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போனது. மேரிலாந்து மாநிலத்தில் பிளேடன்ஸ்பர்க் என்ற ஊரில் நாற்பதடிச் சிலுவை ஒன்று நடுச்சாலையில் நிற்கிறது. முதல் உலகப் போரில் இறந்த அந்த மாவட்டத்து 49 பேருக்காக 1925-ல் எழுப்பியது. இப்போது நிலமும் பராமரிப்பும் அரசுடையவை. மதத்தையும் அரசையும் பிரித்து வைத்திருக்கும் நாட்டில் இது எப்படி என்று வழக்கு. 2019-ல் ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் சிலுவை இருக்கட்டும் என்றார்கள். பழைய சின்னம் காலப்போக்கில் ஊரின் நினைவாகவே மாறிவிடுகிறது, அதை இப்போது இடித்தால் அதுவே மதத்தின் மீதான பகையாகத் தெரியும் என்பது அவர்கள் காரணம். நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எதிர்த்து எழுதினார். சிலுவை கிறிஸ்தவத்தின் குறி, மற்றவர் கல்லறையில் அதை யாரும் வைக்கமாட்டார்கள், பிறகு எப்படி அது எல்லாருக்கும் பொதுவாகும் என்பது அவர் வாதம். எனக்கு இரண்டுமே சரியாகப் படுகின்றன. நின்றுவிட்டதை இடிக்க வேண்டாம். நிற்கப்போவதை யோசித்து நிறுத்துவோம்.

பென்சில்காரருக்கு வருகிறேன். அவர் மனசு நல்ல மனசு. ஆட்டோவின் முதுகிலும் கல்யாண மண்டப வாசலிலும் நாம் பார்த்துப் பழகிய மூன்று குறி. ஆனால் மூன்றோடு கணக்கு முடியாது. உங்களோடு கூடாரத்தில் படுத்த சீக்கியர் எங்கே போவார்? லடாக் ஸ்கவுட்ஸின் பௌத்தர்? நம் மாவட்டத்துச் சமணர்? அமெரிக்க அரசு படைவீரர் கல்லறைகளுக்கு முதலில் அனுமதித்தது சிலுவையும் தாவீது நட்சத்திரமும்தான். இன்று எழுபதுக்கும் மேற்பட்ட குறிகள் பட்டியலில் இருக்கின்றன, கடவுள் மறுப்பாளருக்கு அணுவின் படம் உட்பட. அந்தப் பட்டியல் ஒவ்வொன்றாகப் போராடி நீண்டது. 2005-ல் ஆப்கானிஸ்தானில் இறந்த ஒரு சார்ஜென்ட் விக்கா என்ற சிறு சமயத்தைச் சேர்ந்தவர். அவருடைய குறியான ஐந்துமுனை நட்சத்திரத்தைக் கல்லில் பொறிக்க அதிகாரிகள் ஒப்பவில்லை. மனைவி வழக்குப் போட்டு 2007-ல் வென்றார். தனிக் கல் என்பதால் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் இடம் உண்டு. ஒரே ஒரு தூணின் உச்சியில் எழுபது குறி நிற்குமா? மூன்றே நின்றாலும் நடுவில் எது, உயரம் எது என்று நாளைக்கு ஒரு பஞ்சாயத்து. பேனாவுக்கும் பென்சிலுக்கும் உள்ள வித்தியாசம் படத்திலேயே வந்துவிட்டதைப் பார்த்தீர்களே!

சட்டம் சொல்வதையும் கேளுங்கள், மனு அடிக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்ல வேண்டியது என் வேலை. பொதுத் தெரு, பூங்கா, பொது இடங்களில் புதிதாக வழிபாட்டுக் கட்டுமானம் எதையும் அனுமதியின்றி எழுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. உச்சியில் சூலம் இருந்தால் முதல் வெள்ளிக்கிழமையே ஒருவர் சூடம் ஏற்றுவார். ஆடியில் மஞ்சள் துணி. அடுத்த வருஷம் உண்டியல். அதற்கடுத்த வருஷம் உண்டியலுக்கு இரண்டு கோஷ்டி. சாலையை அகலப்படுத்த நெடுஞ்சாலைத் துறை வரும்போது தூண் கோயில் என்று பதிவாகியிருக்கும், உள்ளே இருக்கும் பெயர்கள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அரசியல் சாசனத்தின் 27-ஆம் பிரிவு, எந்த ஒரு மதத்தையும் வளர்ப்பதற்கென்று வரி செலுத்த யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. ஊராட்சிக்குச் சொத்துவரி கட்டுகிறவர்களில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள். 1968-லேயே அண்ணா ஆட்சி அரசு அலுவலகங்களில் சாமி படம் மாட்ட வேண்டாம் என்று உத்தரவு போட்டது. எத்தனை தாலுகா அலுவலகத்தில் அது நடக்கிறது என்று கேட்காதீர்கள், நானும் சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டரில்தான் இதை அடிக்கிறேன். என் கடை என் இஷ்டம். ஆயுத பூஜையன்று கம்பெனி வாசலில் பூசணிக்காய் உடைப்பதும் முதலாளியின் இஷ்டம். ஊராட்சித் தூண் அப்படி இல்லை.

உங்களில் ஒரு சுபேதார் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. "நம்ம ஊரில் வீரனைக் கும்பிடுவதுதானே வழக்கம், நடுகல் சாமியில்லையா?" உண்மைதான். செத்த வீரனுக்குக் கல்லெடுத்து, நீரில் இட்டு, நட்டு, படையல் வைத்து வாழ்த்துவதைத் தொல்காப்பியமே படிப்படியாகச் சொல்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய நடுகற்கள் வேடியப்பன் என்று இன்றும் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்தக் கற்களில் முதலில் என்ன இருந்தது என்று பாருங்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்தவை தமிழி எழுத்துள்ள நடுகற்கள், நாட்டிலேயே மிகப் பழையவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்தவனுடைய கல் என்று சொல்லி, அவன் பெயரையும் சொல்லி முடித்துக்கொள்கிறது. ஊர், சண்டை, ஆள். சாமி பெயர் அதில் இல்லை. பிறகு சனங்கள் பூ வைத்தார்கள், எண்ணெய் பூசினார்கள், தெய்வமாக்கினார்கள். அது சனங்களின் உரிமை. உங்கள் தூணுக்கும் ஒரு தாய் மல்லிகைச் சரம் சாத்தினால் யாரும் பிடுங்கப்போவதில்லை, பிடுங்கவும் கூடாது. பூ வாடி உதிரும், நாளைக்கு வேறொருவர் வேறு பூ வைப்பார். ஊராட்சி செதுக்கி வைத்த சூலம் உதிராது.

ஈழத்துக் கதையையும் விட்டுவிட முடியாது, தமிழில் இந்தப் பேச்சு வந்தால் அதுதான் முதலில் நினைவுக்கு வரும். உங்களில் மூத்தவர்கள் அமைதிப்படையில் போய் அங்கே கூட்டாளிகளை இழந்தவர்களாக இருக்கலாம், படிக்கும்போது நெருடும், பொறுத்துக்கொள்ளுங்கள். விடுதலைப் புலிகள் தங்கள் பக்கம் இறந்தவர்களுக்கு அமைத்த மாவீரர் துயிலும் இல்லங்களில் மதக் குறி கிடையாது. எரிக்கும் வழக்கமுள்ள சைவக் குடும்பத்துப் பிள்ளையும் புதைக்கும் வழக்கமுள்ள கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில், ஒரே மாதிரிக் கல்லின் கீழ் இருந்தார்கள். நவம்பர் 27 மாலை எல்லாக் கல்லுக்கும் ஒரே விளக்கு. இதைச் சமத்துவம் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். வரிசையில் ஏற்றத்தாழ்வு இல்லை, சரி. ஆனால் எரிப்பதா புதைப்பதா என்பதை வீட்டார் தீர்மானிக்கவில்லை, இயக்கம் தீர்மானித்தது. கொடி மடிக்கும் கோட்டை அங்கே அந்தப் பக்கமிருந்து தாண்டினார்கள். மதத்தைத் திணிப்பது எவ்வளவு தவறோ, வீட்டாரிடமிருந்து சடங்கைப் பிடுங்குவதும் அவ்வளவு தவறு.

அதன் பின் நடந்தது அதைவிடக் கொடுமை. யாழ்ப்பாணம் இலங்கை ராணுவத்தின் கைக்குப் போன பிறகு கோப்பாய் துயிலும் இல்லம் இடிக்கப்பட்டது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் திரும்பக் கட்டினார்கள். போர் முடிந்ததும் மறுபடி தரைமட்டம். 2011-ல் அதே இடத்தில் ராணுவத்தின் 51-ஆவது டிவிஷன் தலைமையகம் திறக்கப்பட்டது. பிள்ளையின் கல் இருந்த இடத்தைத் தாய் இப்போது கம்பிவேலிக்கு வெளியே நின்று உத்தேசமாகத்தான் காட்ட முடியும். பௌத்தத்துக்கு முதலிடம் என்று சாசனத்திலேயே எழுதியிருக்கும் அந்த நாட்டின் வெற்றிச் சின்னம் கிளிநொச்சியில் நிற்கிறது. குண்டு துளைத்த கான்கிரீட் கட்டி, அதிலிருந்து மலரும் தாமரை. தாமரை மதக் குறியா இல்லையா என்று வாதாடலாம். அதைப் பார்த்துக்கொண்டு தினமும் பள்ளிக்கூடம் போகும் தமிழ்ப் பிள்ளைக்கு அந்த வாதம் தேவைப்படாது.

நம் டெல்லியிலும் இந்த வாதத்துக்கு ஒரு நுனி உண்டு. 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தை வடிவமைத்தவர் சென்னைக்காரர், யோகேஷ் சந்திரஹாசன். 25,942 பெயர்களைக் கிரானைட்டில் பொறித்தார்கள். வட்டத்துக்குள் வட்டமாக நான்கு வட்டம், மகாபாரதத்துச் சக்கர வியூகம் என்பது கருத்து. இதுவும் மதம்தானே என்று ஒருவர் கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வராது. ஆனால் அங்கே போய் நிற்கிறவருக்குத் தெரிவது சுவரும் பெயரும்தான். பெயருக்குப் பக்கத்தில் குறி எதுவும் இல்லை. அதனால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நவம்பர் 2025-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கிறிஸ்தவ அதிகாரியின் பதவி நீக்கத்தை உறுதி செய்த செய்தி உங்கள் வாட்ஸ்அப்பில் எல்லாம் சுற்றியது. ரெஜிமென்ட்டின் கோயில் கருவறைக்குள் போகமாட்டேன் என்றவர். பட்டாளத்தில் கட்டளைதான் பெரிது என்று உங்களில் பலர் வாதாடினீர்கள், அவர் மனச்சாட்சி அவருக்கு என்று சிலர். அந்த வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உயிரோடு இருப்பவரை வா என்று கட்டளையிடலாம், வராவிட்டால் தண்டிக்கலாம். இறந்தவரிடம் என்ன கட்டளை? அவர் பெயருக்கு மேலே வேறொருவரின் சாமியை நிறுத்தினால், மாட்டேன் என்று சொல்லக்கூட அவருக்கு வழியில்லையே.

உள்ளபடி சொன்னால், சூலத்தைவிட எனக்குப் பயம் சாதியிடம். படத்தில் கிரானைட் பலகையில் மாதிரிக்கு எழுதியிருந்த பெயர்களில் இரண்டுக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருந்தது, மற்றவற்றில் இல்லை. யாரும் வேண்டுமென்று செய்திருக்கமாட்டீர்கள், பழக்கம். ஆனால் சுடுகாடே இரண்டாக இருக்கும் ஊர்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அந்த ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போன இருவர் ஒரே பங்கரில் செத்து, ஊருக்கு வந்ததும் வேறு வேறு சுடுகாட்டுக்குப் போவார்கள். தூணில் மட்டுமாவது ஒரே சுடுகாடாக இருக்கட்டும். மேஜர் முகுந்த் வரதராஜன் நம் பக்கத்துத் தாம்பரத்துக்காரர், அசோகச் சக்கரம் பெற்றவர். 2024-ல் அவர் கதையான 'அமரன்' வந்தபோது படத்தில் அவர் சாதியை ஏன் காட்டவில்லை என்று ஒரு கூச்சல் கிளம்பியது ஞாபகம் இருக்கும். அப்படிக் காட்ட வேண்டாம் என்று குடும்பத்தாரே கேட்டுக்கொண்டார்கள் என்று இயக்குநர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. நாட்டுக்காகச் செத்தவருக்கு இந்தியர், தமிழர் என்ற இரண்டு அடையாளம் போதாதா நமக்கு!

குறிக்கு முன்னால் பெயர் முக்கியம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். ஈராக்கில் பாஸ்ரா நினைவகம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கானது. பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அங்கே பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு அவன் ரெஜிமென்ட்டின் கீழே ஓர் எண்ணிக்கை, அவ்வளவுதான். அந்தப் போருக்குப் பிறகு ஊர்களில் பதித்த சலவைக்கல் பலகைகளும் அப்படித்தான்: இந்த ஊரிலிருந்து போனவர் இத்தனை, உயிர்விட்டவர் இத்தனை. யார் என்று கேட்காதே. நந்தம்பாக்கத்தில் அவ்வளவு நேர்த்தியாகச் சமத்துவம் காட்டிய அதே ஆணையம்தான் இதையும் செய்தது. 2021 ஏப்ரலில் அதுவே ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ, அல்லது எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு நாம் செய்யப்போவது என்ன? நீங்கள் கொடுத்த பட்டியலில் நான்கு பெயருக்கு ஆர்மி நம்பர் இல்லை, ஒருவருக்கு வீட்டுச் செல்லப் பெயர்தான் இருக்கிறது. சூலத்துக்கு அளவு குறித்திருக்கிறீர்கள், இரண்டடி நான்கு அங்குலம்.

ஆகவே மனுவை இப்படி அடிக்கலாமா என்று கேட்கிறேன். தூணின் உச்சியில் துப்பாக்கியும் தொப்பியும் போதும், பார்த்தவுடன் விஷயம் புரியும். வேண்டுமானால் அதற்குக் கீழே அசோகரின் சிங்கம். அரசு முத்திரையைப் பயன்படுத்தச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது, அதற்குத் தனியாக அனுமதி கேட்டு ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். பெயர்கள் அகர வரிசையில், பதவி வரிசையில் வேண்டாம். சுபேதார் மேலே சிப்பாய் கீழே என்று போட்டால் செத்த பிறகும் சல்யூட் அடிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், பிரிவு, ஊர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, இறந்த இடம். டிஸ்சார்ஜ் புத்தகத்திலோ இறப்புச் சான்றிலோ உள்ளபடி எழுத்து மாறாமல். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நான்காவதாக ஒரு பிரதி போடுவோம், சரிபார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான். திறப்பு விழாவில் யாரையும் பூஜை செய்ய அழைக்க வேண்டாம், உங்களில் பியூகிள் ஊதத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். விழா முடிந்ததும் அவரவர் வீட்டார் வந்து அவரவர் முறையில் என்ன செய்ய வேண்டுமோ செய்யட்டும், அதற்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது, அதை முடிவு செய்யாமல் பட்டியலை மூட முடியாது. எதிரியின் குண்டில் செத்தவர்களை மட்டுமே சேர்க்க வேண்டும் என்று மனுவில் எழுதியிருக்கிறீர்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் போஸ்ட் மீது பனிமலை சரிந்தபோது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியனோடு இருந்த பத்துப் பேர் புதைந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் பனிக்கடியில் உயிரோடு கிடந்து, மீட்ட பிறகு பிப்ரவரி 11 அன்று இறந்தார். அந்தப் பத்துப் பேர் மேல் ஒரு தோட்டாவும் படவில்லை. உங்கள் விதிப்படி பார்த்தால் அப்படி இறந்த ஒருவர் நம் ஊர்க்காரராக இருந்தாலும் தூணில் இடம் கிடையாது. எனக்கு இது சரியாகப் படவில்லை. பனியில் போனவர், பயிற்சியில் வெடித்துப் போனவர், வெள்ளத்தில் சனங்களைத் தூக்கப் போய் அடித்துச் செல்லப்பட்டவர், இவர்களைச் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். லீவில் வந்து பைக்கில் விழுந்து இறந்தவரையும் சேர்க்கச் சொல்லி ஒரு தந்தை என்னிடம் கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் கூடிப் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை பி ஷிப்ட் இல்லாதவர்கள் காலையில் கடைக்கு வந்தால் நல்லது, மனுவைத் திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் மனுவை அடிக்க வேண்டிய தம்பி,
சேரப்பணஞ்சேரி.